ஐம்பத்தேழு

இந்த அரங்கில் யாரும் என் முகத்தைப் பார்ப்பதில்லை.
இரண்டு வெள்ளைக் கையுறைகள் தெரியும், அவ்வளவுதான்.
கறுப்புப் பந்து குழிக்குள் விழும்.
கையுறை அதை எடுத்துத் துடைத்து
அதன் புள்ளியில் திரும்ப வைக்கும்.
கேமராவும் என் கழுத்துக்குக் கீழேதான்.

மற்ற நாட்களில் சோம் சௌ தொழிற்சாலையில்
சட்டைக் கழுத்துப்பட்டை சரிபார்ப்பவள் நான்.
அங்கேயும் இதே பருத்திக் கையுறை,
கிழிந்தால் கூலியில் பிடித்துக்கொள்வார்கள்.
இங்கே மூன்று ஜோடி இலவசம்.
கூடவே ஓர் அடையாள அட்டை,
இரண்டு அளவு பெரிதான கறுப்புக் கோட்டு.
இடது அக்குளில் தையல் பிசகியிருப்பதை
முதல் நாளே பார்த்துவிட்டேன்.

துணி தெரிந்தவளுக்கு இந்த மேசை புதிதில்லை.
பச்சைக் கம்பளியின் மயிர்
கறுப்பு இருக்கும் பக்கமாகச் சாய்ந்திருக்கும்.
விரைந்து போகும் பந்து அதை மதிக்காது.
மெதுவாகப் போவது அதன் பேச்சைக் கேட்கும்.

கடைசி ஆட்டம். நாலுக்கு நாலு.
பிலிப்பீன்ஸின் அபுயென் குனிந்தால் நிமிர்வதில்லை.
சிவப்பு, கறுப்பு. சிவப்பு, கறுப்பு.
நாற்காலியில் பர்மாவின் துன்.
வேறெந்த விளையாட்டிலும் ஒருவன்
இப்படி உட்கார்ந்துகொண்டே தோற்பதில்லை.
சுவருக்கு அப்பால் குத்துச்சண்டை,
பினோம்பென் முழுவதும் அங்கேதான் கத்துகிறது.
அங்கே அடி வாங்குகிறவன் கையையாவது தூக்கலாம்.
துன்னிடம் ஒரு தம்ளர் தண்ணீர் இருக்கிறது.
குடிக்கிறார். கொஞ்சம் மிச்சம் வைக்கிறார்.
அதையே திரும்பவும் எடுக்கிறார்.

ஏழாவது முறையாகக் கறுப்பை எடுத்து வைத்து
ஐம்பத்தாறு என்று சொன்னேன்.
வெளியே மே மாதத்து முதல் மழை.
டிவிக்காரர்கள் கேபிள் இழுக்கக் கதவைத் திறந்தார்கள்.

ஈசல்.

முதலில் ஐந்தாறு, பிறகு எண்ண முடியவில்லை.
மேசை விளக்குகளில் மோதி மோதிப்
பச்சையில் விழுந்து ஊர்ந்தன.
ஆட்டத்தை நிறுத்தினேன். சனம் சிரித்தது.
ஒவ்வொன்றாகப் பொறுக்கினேன்
பந்தில் விரல் படாமல்,
நசுக்கிவிடாமல்.
நசுக்கினால் கறை.
கறை என்றால் என்னவென்று எனக்குச் சொல்ல வேண்டாம்.

அபுயென் காத்திருந்தார், கோல்நுனியில் சாக்கட்டி தேய்த்தபடி.
பிறகு ஒரு சிவப்பை விழுத்தினார். ஐம்பத்தேழு.
இனிக் கறுப்பு, கிட்டத்தில், கிட்டத்தட்ட நேராக.
அவர் குனிந்த பிறகுதான் கண்ணில் பட்டது:
வெள்ளைக்கும் கறுப்புக்கும் நடுவே
ஒற்றைச் சிறகு.
ஈசல் போய்விட்டது. சிறகு மட்டும்
கம்பளி மயிரோடு மயிராகப் படுத்திருந்தது.

கோலைப் பின்னிழுத்துவிட்ட ஆளிடம்
நடுவர் பேசக் கூடாது.
இழுத்துவிட்டாரா?
இழுக்கப் போகிறாரா?
ஒரு மூச்சளவு நேரம் என்னிடம் இருந்தது.
அந்த மூச்சையும் பிடித்துக்கொண்டு நின்றேன்.

கறுப்பு குழியின் இந்தத் தாடையில் தட்டி
அந்தத் தாடையில் தட்டி
வெளியே வந்து நின்றது.

ஐம்பத்தேழு என்றேன் மறுபடி.
சுவருக்கு அப்பால் மணி அடித்தது.
துன் தம்ளரை வைத்துவிட்டு எழுந்தார்,
முழங்கால் சொடுக்கியது எனக்குக் கேட்டது.
மேசைக்கு வந்தவர் முதலில் கேட்டது
துணியைத் துடைத்துத் தரச் சொல்லித்தான்.
துடைத்தேன். அவரும் பார்த்திருந்தாரோ என்னவோ.

மீதியெல்லாம் செய்தித்தாளில் இருக்கிறது,
பதக்கம், கொடி, யார் எந்தப் படியில் என்பது.
அபுயென் என் கையைக் குலுக்கி நன்றி என்றார்.
கையுறையோடே குலுக்கினேன்.

ஒரு சிறகு என்ன எடை இருக்கும்?
வெங்காயத் தோலைவிடக் குறைவு.
தடுத்திருக்காது.
அவர் கைதான் நடுங்கியிருக்கும்.
மழையில் வீடு திரும்பும் வழியெல்லாம்
வண்டிக்காரனிடம் சொல்வதுபோல்
இதையே சொல்லிக்கொண்டு வந்தேன்.

திங்கட்கிழமை, பதினோராம் வரிசை.
ஒரு கழுத்துப்பட்டையில் நூல் துளி நீட்டிக்கொண்டிருந்தது,
அனுப்பிவிடக்கூடிய அளவுதான்.
வெட்டினேன். திருப்பினேன். வெளிச்சத்தில் பிடித்தேன்.
பின்னால் சட்டைகள் குவிந்துவிட்டன.
மேற்பார்வையாளன் வுத்தா வந்து
டிவியில் வந்தது உன் கைதானே என்றான்.
இல்லை என்றேன்.